கனவு குறித்துச் சில குறிப்புகள்

கனவு என்ற சொல்லைப் போலப் புதுக்கவிதை கணக்குப் பார்க்காமல் செலவழித்த சொல் தமிழில் இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம். நிறைவேறாத ஆசைக்குக் கனவு, அரசியல் லட்சியத்துக்குக் கனவு, வரிகள் ஒன்றோடொன்று சேராமல் நின்றால் அதற்கும் கனவு. படிமம் புரியவில்லை என்று யாராவது கேட்டால் அது கனவின் மொழி என்று பதில் தயாராக இருக்கிறது. கனவு கண்டவனுக்கு ஓர் உடம்பு இருந்தது, அது அந்நேரத்தில் ஒரு பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தது, பக்கத்தில் இன்னொரு உடம்பும் படுத்திருந்தது என்பதெல்லாம் கவிதைக்குள் வருவதில்லை. சர்ரியலிஸம் பற்றி நாம் எழுதித் தள்ளிய கட்டுரைகளிலும் வந்ததில்லை. இத்தனைக்கும் ஆந்த்ரே பிரெதோன் 1924இல் தன் அறிக்கையை வெளியிடுவதற்கு முன் மருத்துவம் படித்தவர்; முதல் உலகப் போரின்போது மனநோய்ச் சிகிச்சை நிலையத்தில் வேலை பார்த்தவர். உடம்பைப் பக்கத்திலிருந்து பார்த்த மனிதர்தான். நாம் அவரிடமிருந்து அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

இதை எழுதுவதற்கான காரணம் வீட்டில் இருக்கிறது. என் அப்பா எட்டு ஒன்பது வருஷமாகக் கனவில் அடிக்கிறார்.

அப்பா நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருஷம் செயின் இழுத்து, கல் நட்டு, படம் வரைந்தவர். அண்ணன் தம்பி அரிவாளோடு வரப்பில் நிற்கும்போது நடுவில் போய் நிற்கிற வேலை. ஆனால் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வீட்டில் எங்களை அடித்ததும் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில், ஓய்வு பெறுகிற வருஷத்தில், விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு அவர் படுக்கையில் கத்த ஆரம்பித்தார். முதலில் வெறும் பேச்சு. பிறகு வசவு, பகலில் அவர் வாயில் வராத சொற்கள். பிறகு கையும் காலும். நாய் துரத்துகிறது, உதைப்பார். யாரோ கல்லைப் பிடுங்குகிறான், ஓங்கிக் குத்துவார். எழுப்பினால் உடனே தெளிந்து எழுந்து உட்கார்ந்து, நாய் என்ன நிறம் என்பதுவரை சொல்வார்.

குத்து விழுவது அம்மா மேல். ஒருமுறை கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டில் கேட்டபோது குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். எங்களிடம் அம்மா சொன்ன விளக்கம் வேறு: "வேலை பார்க்கையில வாயைத் திறக்காத மனுசன். அப்போ அடக்கி வச்சதை எல்லாம் இப்போ ராத்திரி பேசுதாக." அத்தை கோவிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டாள். நம் வட்டத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், ஃப்ராய்டை எடுத்துக்கொண்டு வந்தார். எல்லைக்கல், செயின், பிடுங்குதல் என்று அவருக்கு அன்று நல்ல தீனி. அம்மாவின் விளக்கத்துக்கும் நண்பரின் விளக்கத்துக்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. இரண்டுமே விஷயத்தை அப்பாவின் குணத்தில் கொண்டுபோய் வைக்கின்றன. உள்ளே ஓர் ஆத்திரம் இருந்தது, அது இப்போது வெளியே வருகிறது. விமர்சனத்தில் நாம் தினமும் செய்கிற காரியமும் ஏறக்குறைய இதுதான்: பிரதியில் இருப்பது எல்லாம் ஆசிரியனின் உள்ளேயிருந்து வந்தாக வேண்டும் என்ற நம்பிக்கை.

நடப்பது இதைவிட எளிமையானது. 1953இல் சிகாகோவில் அஸெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவனின் கண்கள் இரவில் சில தடவை இமைக்குள் துரிதமாக அசைவதையும், அப்போது எழுப்பினால் பெரும்பாலும் அவன் கனவு சொல்வதையும் வெளியிட்டார்கள். அஸெரின்ஸ்கி தன் எட்டு வயது மகனின் முகத்தில் மின்முனைகளை ஒட்டித்தான் ஆரம்பித்தார். இந்த உறக்கத்தை ரெம் உறக்கம் என்கிறார்கள். பிரான்ஸில், லியோன் நகரத்தில், மிஷல் ஜூவே பூனைகளை வைத்து இன்னொன்றைக் கண்டார். கண்கள் அசையும் அந்த நேரத்தில் கழுத்துத் தசை உட்பட உடம்பின் தசைகள் அடியோடு தளர்ந்துவிடுகின்றன. மூளை விழித்திருப்பவனுடையதைப் போல வேலை செய்கிறது. உடம்பு மட்டும் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. மூச்சுக்கும் கண்ணுக்கும்தான் விலக்கு. கட்டிப்போடுகிற கயிறு மூளைத்தண்டில் இருக்கிறது. 1965இல் ஜூவேயின் கூடத்தில் அந்தச் சிறிய இடத்தை மட்டும் சேதப்படுத்தினார்கள். பூனை தூங்கியபடியே எழுந்தது, இல்லாத இரையைப் பதுங்கிப் பின்தொடர்ந்தது, பாய்ந்தது, இல்லாத எதிரியிடம் சீறியது. எதிரே நிஜமாக வைக்கப்பட்டதை அது கண்டுகொள்ளவில்லை.

ஆக, நாம் எல்லோருமே ஒவ்வொரு இரவும் ஓடுகிறோம், குத்துகிறோம். கட்டளை மேலிருந்து கிளம்பத்தான் செய்கிறது, வழியில் நிறுத்தப்பட்டுவிடுகிறது. அப்பாவுக்கு நிறுத்துகிற இடம் பழுதாகிவிட்டது. அவ்வளவே. அந்தக் கனவுக்கும் அவருடைய குணத்துக்கும் நேர்ச் சம்பந்தம் எதுவும் தேடவேண்டியதில்லை. இந்தக் கோளாறு உள்ளவர்களின் கனவுகளில் வன்முறை மிகுதி, பகலில் அவர்கள் மற்றவர்களைவிட முரடர்களாக இருப்பதில்லை என்று ஆய்ந்தே சொல்லியிருக்கிறார்கள்.

மனிதர்களில் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டு 1986இல் எழுதியவர்கள் அமெரிக்காவில் மின்னியாபொலிஸைச் சேர்ந்த கார்லோஸ் ஷென்க், மார்க் மஹவால்ட் முதலானவர்கள். ஆரம்ப நோயாளிகளில் ஒருவர், வயதான ஆள், கனவில் அந்த ஊர்க் கால்பந்து ஆடி எதிராளியை முட்டித் தள்ளப்போய்ப் படுக்கையறை அலமாரியில் மோதிக் காயப்பட்டு வந்தவர். 1986 என்பது ஆச்சரியமான வருஷம். மனைவிமார்களுக்கு எத்தனை நூற்றாண்டாகத் தெரிந்திருக்கும்! மருத்துவத்துக்குத் தெரிய ஜூவேயின் பூனைகளுக்குப் பிறகும் இருபது வருஷம் ஆயிற்று.

இலக்கியம் முந்திக்கொண்டது என்று சொல்லிப் பெருமைப்பட ஓர் இடம் உண்டு. செர்வாண்டிஸின் 'டான் குஹாட்டே' முதல் பாகம், 1605. சத்திரத்தில் தூங்கிக்கொண்டிருந்த டான் குஹாட்டே ஓர் அரக்கனோடு போரிடுவதாகக் கனவு கண்டு, கத்தியால் திராட்சை மது நிரம்பிய தோல் பைகளைக் குத்திக் கிழிக்கிறார். அப்போது அவர் கண்கள் மூடியிருந்தன என்பதைச் செர்வாண்டிஸ் விடாமல் குறிப்பிடுகிறார். ஸ்பெயின் நரம்பியல் மருத்துவர்கள் 2004இல் இந்த இடத்தைத் தொட்டு ஒரு கட்டுரையே எழுதினார்கள். கல்லூரியில் எங்களுக்கு நடத்தப்பட்டது மாக்பெத் சீமாட்டியின் தூக்க நடை. அவளுக்குக் கண் திறந்திருக்கிறது, நடக்கிறாள், கையைக் கழுவுகிறாள், மறுநாள் அவளுக்கு எதுவும் நினைவிருக்கப் போவதில்லை. அது வேறு உறக்கம். கனவற்ற ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பாதி எழுந்த நிலை. ஷேக்ஸ்பியர் அதைக் குற்ற உணர்வின் வெளிப்பாடாக ஆக்கினார். நாடகத்துக்கு அது வேண்டியிருந்தது. செர்வாண்டிஸுக்கு அப்படி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒரு மனிதன் தூக்கத்தில் என்ன செய்தான், எவ்வளவு மது வீணாயிற்று, சத்திரக்காரன் எவ்வளவு கத்தினான் என்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார். நாலு நூற்றாண்டு கழித்தும் மருத்துவன் உபயோகிக்கக்கூடியது இந்த இரண்டாவது வகை எழுத்து என்பதை நம் கவிஞர்கள் யோசிக்கலாம்.

இத்தோடு நின்றிருந்தால் இது சுவாரஸ்யமான விஷயம். நிற்கவில்லை. 1996இல் ஷென்க்கும் சகாக்களும், வேறு காரணம் எதுவும் இல்லாமல் இந்தத் தூக்கக் கோளாறு வந்த 29 ஆண்களில் 38 சதவீதத்தினருக்கு, சில வருஷங்களில் பார்க்கின்சன் வகை நோய் தோன்றிவிட்டதாக எழுதினார்கள். அதே குழுவை மேலும் பின்தொடர்ந்து 2013இல் சொன்ன கணக்கு 81 சதவீதம். 2019இல் 24 மையங்களிலிருந்து 1280 பேரை வைத்து வெளிவந்த ஆய்வு, வருஷத்துக்கு 6.3 சதவீதம் பேர் பார்க்கின்சனுக்கோ அதன் நெருங்கிய உறவான மறதி நோய்க்கோ நரம்புச் சிதைவுக்கோ போய்ச் சேர்கிறார்கள் என்றது. 12 வருஷ முடிவில் 73.5. கவுன்டரில் உட்கார்ந்து வட்டி விகிதம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்க்கு 6.3 மிகவும் பரிச்சயமான எண். டெபாசிட் போட வந்தவரிடம் அதைச் சொல்லும்போது இப்போதெல்லாம் குரல் ஒரு கணம் தடைப்படுகிறது.

பார்க்கின்சன் நோய்க்கு நம்மிடம் உள்ள பெயர் நடுக்குவாதம். வடமொழி மருத்துவத்தில் கம்பவாதம். அதற்கும் பொருள் அதேதான். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் எழுதிய சிறு புத்தகத்தின் தலைப்பும் நடுக்கத்தை வைத்தே அமைந்தது. லண்டனில் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்தவர், அரசியல் துண்டுப் பிரசுரங்கள் எழுதியவர், புதைபடிவங்கள் சேகரித்தவர். ஆறு நோயாளிகளை வைத்து எழுதினார். சிலரைத் தெருவில் போகிறபோது பார்த்ததோடு சரி. தெருவில் பார்ப்பவனுக்குத் தெரிவது நடையும் கை நடுக்கமும்தானே. அவரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மலச்சிக்கலைக்கூட அவர் கவனித்து எழுதியிருக்கிறார். ஆனால் புலன்களுக்கும் புத்திக்கும் சேதமில்லை என்று தன் வரையறையிலேயே சேர்த்துவிட்டார். பெயர் நடுக்கத்தின் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டதால் நடுக்கத்துக்கு முந்திய பத்துப் பதினைந்து வருஷம் பெயரில்லாமல் போயிற்று. பெயரில்லாததை யாரும் பார்ப்பதில்லை.

அந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு ஃப்ராங்ஃபர்ட்டில் ஹைகோ பிராக் 2003இல் ஒரு வரைபடம் கொடுத்தார். இறந்தவர்களின் மூளைகளைச் சீவிப் பார்த்துச் செய்த வேலை. ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் நரம்பணுக்களுக்குள் கட்டி கட்டியாகத் திரள்கிறது. 1912இல் லெவி பார்த்துவைத்த உருண்டைகள் இவைதான். பிராக்கின் கணக்குப்படி இது தொடங்குவது கைகால் அசைவை ஆளும் கரும்பொருளில் இல்லை. மோப்பத்துக்கான நரம்புமுனையிலும், குடலோடு தொடர்புள்ள வேகஸ் நரம்பின் வேரிலும். பிறகு மூளைத்தண்டில் மேலே ஏறுகிறது. கனவைக் கட்டிவைக்கும் இடம் வழியில் இருக்கிறது. கரும்பொருள் அதற்கும் மேலே. எல்லோரிடமும் இதே வரிசை இல்லை என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள், மறுப்பில் நியாயமும் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக்கு இந்தப் படம் பொருந்துகிறது.

அப்பா தெருவாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே என்ன குழம்பு என்று சொல்கிறவர். சில வருஷமாக ரசத்தில் பெருங்காயம் போடவில்லை என்று அம்மாவிடம் குறை. அம்மா போட்டுக்கொண்டேதான் இருந்தாள். பிறகு அதிகமாகப் போட்டாள். வீட்டில் வேறு யாராலும் அந்த ரசத்தைச் சாப்பிட முடியவில்லை. பால் தீய்ந்து வீடெல்லாம் நாறும்போது அப்பா அடுப்பங்கரையை ஒட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலச்சிக்கல் நம் குடும்பங்களில் பகிரங்கமான விஷயம். கடுக்காய்ப் பொடி, விளக்கெண்ணெய், ராத்திரி வாழைப்பழம் என்று ஆளுக்கொரு யோசனை. ஹொனலூலுவில் ஜப்பானிய வம்சாவளி ஆண்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தினம் ஒருமுறைகூட வெளிக்குப் போகாதவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று 2001இல் சொன்னார்கள். மோப்பம் குறைந்தவர்களைப் பற்றியும் அப்படியே பின்னால் வந்தது. மலச்சிக்கல் உள்ளவர்கள் எல்லோரும் பயந்துகொள்ள வேண்டியதில்லை. அதற்கு ஆயிரம் காரணம். தனித்தனியாக இவை எதற்கும் அர்த்தமில்லை. சேர்ந்து வரும்போது, அதிலும் அந்தத் தூக்கம் சேரும்போதுதான்.

போன வருஷம் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். ஓர் இரவு முழுக்க அப்பாவின் தலையிலும் மோவாயிலும் காலிலும் ஒயர்களை ஒட்டிப் படுக்கவைத்தார்கள். தசை தளர வேண்டிய நேரத்தில் தளரவில்லை என்பது காகிதத்தில் வந்துவிட்டது. நடை, விரல் அசைவு, முகம் எல்லாம் சோதித்தார். இப்போதைக்கு ஒன்றும் இல்லை. அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு, இது மூளைத்தண்டில் வருகிற கோளாறு, தூக்கத்தில் உடம்பு கட்டுப்பாட்டில் இருப்பதில்லை, கனவில் அடிப்பதை அவர் தெரிந்து செய்வதில்லை என்று விளக்கினார். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அடிச்சது அவுக இல்லதானே டாக்டர்?" என்றாள். இல்லையம்மா என்றார் அவர். அம்மா மறுபடியும் அதையே கேட்டாள். எட்டு வருஷமாக அவளுக்குள் வேறொரு பதில் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். அவர் மேஜையில் இருந்த மாத்திரை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மருத்துவர் அப்பாவிடம், இது பிற்காலத்தில் வேறு சிலவற்றுக்கு முன்னறிகுறியாக இருக்கலாம், விவரமாகச் சொல்லட்டுமா என்று கேட்டார். கேட்டது சரியான காரியம். கேட்காமலே கொட்டுகிறவர்களும், கடைசிவரை சொல்லாதவர்களும் உண்டு. அப்பா, "அது வராம இருக்க மருந்து இருக்கா?" என்றார். இப்போதைக்கு இல்லை, ஆராய்ச்சி நடக்கிறது என்றார் மருத்துவர். "அப்போ வந்ததுக்கு மட்டும் குடுங்க. வரப்போறதை வந்தப்பறம் பார்ப்போம்." அத்தோடு பேச்சு முடிந்தது. மெலடோனின் எழுதிக் கொடுத்தார். அதற்கு அடங்காவிட்டால் குளோனஸபாம். ஆனால் வயதானவர்களுக்கு அதில் தள்ளாட்டமும் மந்தமும் வரும். கட்டிலை விட்டுத் தரையில் படுக்கச் சொன்னார், பக்கத்தில் கூர்மையாக, கண்ணாடியாக எதுவும் வேண்டாம் என்றார்.

மிச்சத்தை நான் படித்தேன். அப்பா வேண்டாம் என்றதை மகன் தெரிந்துகொள்வது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கட்சிக்கு வாதங்கள் பலமானவை. புதிய மருந்துகளைச் சோதிக்க இந்த நிலையில் இருப்பவர்களைத்தான் தேடுகிறார்கள். நரம்பணுக்களில் கணிசமான பகுதி போனபிறகு நடுக்கத்தோடு வருகிறவர்களுக்குக் காப்பாற்ற மிச்சம் குறைவு. உடற்பயிற்சி நல்லது என்கிறார்கள். வீடு, நிலம், எழுத்து வேலைகள் எல்லாம் புத்தி தெளிவாக இருக்கையில் முடிப்பது நல்லது. சர்வேயருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டாம். மறு பக்கத்தில் ஒரே ஒரு வாதம்தான். அது அவருடைய உடம்பு, அவர் பதில் சொல்லிவிட்டார். நான் இதை அச்சில் எழுதுவதால் அவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம் இல்லை. சில நூறு பிரதி போகிற பத்திரிகை. ரகசியத்தை வைக்க இதைவிடப் பத்திரமான இடம் தமிழில் கிடையாது.

பூனைக்காலி விதையைப் பற்றி யாராவது கடிதம் எழுதுவீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதில் லெவோடோபா இருப்பது உண்மை. 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1960களில். ஆனால் அது வந்துவிட்ட விறைப்பையும் மந்தத்தையும் தணிக்கிற மருந்து. வராமல் தடுப்பதில்லை.

வங்கியில் எனக்கு இன்னொரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. இந்த நோயில் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும். வரி தொடங்கும்போது இருக்கிற அளவு முடியும்போது இருக்காது. இது அசைவுகளைச் சேர்ந்த அறிகுறி, பின்னால் வருவது. எங்கள் கிளையில் பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவருடைய கையெழுத்து திரையில் உள்ள மாதிரியோடு ஒத்துவராமல் காசோலை இரண்டு முறை திரும்பியது. பெரிதாக, அகலமாகப் போட்ட பழைய கையெழுத்து. பக்கத்தில் எறும்பு மாதிரி இப்போதையது. புதிய மாதிரி வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்தோம். அவருக்கு என்ன உடம்பு என்று கேட்கிற உரிமை கவுன்டருக்கு இல்லை. அப்பாவின் கணக்கும் எங்கள் கிளையில்தான். மாதாமாதம் அவர் பணமெடுக்கும் சீட்டில் போடுகிற கையெழுத்தை 2009இல் கொடுத்த மாதிரியோடு ஒத்துப் பார்க்கிறேன். அது என் உத்தியோகக் கடமையும் ஆகையால் யாரும் எதுவும் கேட்பதில்லை. இதுவரை குறைந்ததாகத் தெரியவில்லை.

படித்தவற்றில் என்னை மிகவும் நிறுத்தியது 2007இல் பாரீஸிலிருந்து வந்த ஓர் ஆய்வு. பார்க்கின்சன் முற்றி, பகலில் அசைவு மந்தமாகி, குரல் தாழ்ந்துபோனவர்கள், இந்தக் கனவு நேரத்தில் வேகமாக, பலமாக, நடுக்கமில்லாமல் அசைகிறார்கள். குரல் உரத்து வருகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிமார் சொன்னதை வீடியோவில் பதிந்து சரிபார்த்திருக்கிறார்கள். கரும்பொருளைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகக் கட்டளை போகிறதாக இருக்கலாம் என்கிறார்கள். இதை ஓர் உருவகமாக்கக் கை பரபரக்கும் என்பது எனக்குத் தெரியும். நோயை உருவகமாக்குவதன் கொடுமையைப் பற்றி ஸூஸன் ஸோன்டாக் 1978இல், தானே புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டவராக, ஒரு புத்தகம் எழுதினார். நம் மொழியில் இந்த நோய்க்கு இன்னும் உருவகம் எதுவும் உருவாகவில்லை. அப்படியே இருக்கட்டும்.

இப்போது அப்பா தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறார். அடுத்த அறைக்குப் போ என்று சொன்னதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. நடுவில் ஜமுக்காளத்தைச் சுருட்டி அணை மாதிரி வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் படுக்கிறாள். வளையலை ரப்பருக்கு மாற்றிக்கொண்டாள். சத்தம் கேட்டால் முன்போலக் கையைப் பிடிப்பதில்லை, எட்ட இருந்து பேர் சொல்லாமல் "ஏங்க, ஏங்க" என்று எழுப்பி, "யாரு வந்தா?" என்று கேட்கிறாள். அவர் சொல்கிறார். காலையில் அவள் எனக்குச் சொல்கிறாள். பழைய வங்கி டைரி ஒன்றில் அவற்றைத் தேதியோடு குறித்து வருகிறேன். இலக்கியத்துக்கு அவற்றால் பிரயோஜனம் குறைவு. நாய், வரப்பு, கல், அரிவாளோடு ஒரு ஆள், மறுபடியும் நாய். படிமம் என்று சொல்ல எதுவும் இல்லை; எல்லாம் யதார்த்தவாதக் கதைகள், ஊர்ப் பேரும் சர்வே எண்ணும்கூட வருகின்றன. போன வியாழக்கிழமை செயினில் ஒரு கண்ணி குறைந்திருந்ததாம். மூன்று தடவை அளந்தாராம், மூன்று தடவையும் குறைந்ததாம். அன்றைக்கு யாரையும் அடிக்கவில்லை.